ஹாமர் டிரோபர்ட்: இடம்பெயர மறுத்த தீவின் தலைவர்

நவூருவின் சுதந்திர தினம் ஜனவரி 31. அந்தத் தேதியை நவூரு மக்களே கேட்டு வாங்கினார்கள். 1946 ஜனவரி 31 அன்று, ஜப்பானியப் படை பிடித்துக்கொண்டுபோன நவூரு மக்களில் உயிர் பிழைத்த 737 பேர் கப்பலில் வந்து சொந்த மண்ணில் கால் வைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் போனவர்கள் 1,200 பேர். மற்ற 463 பேர் பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் பசிபிக்கின் ட்ரக் தீவுகளிலேயே இறந்துபோனார்கள். சரியாக 22 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், 1968-இல் நவூரு சுதந்திரக் குடியரசானது.

அந்தக் கப்பல் கொண்டுவந்த தலைமுறையில் 23 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் ஹாமர் டிரோபர்ட். பின்னாளில் நவூருவின் முதல் குடியரசுத் தலைவரானவர். அவர் எடுத்த முடிவுகளில் சில உலகை வியக்க வைத்தன, சில நாட்டை நஷ்டத்தில் தள்ளின. இரண்டையும் புரிந்துகொள்ள ட்ரக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருமுறை மண்ணைவிட்டுப் பிடுங்கி எறியப்பட்டவர்கள், இனி யார் எவ்வளவு கொடுத்தாலும் அந்த மண்ணைவிட்டுப் போகமாட்டார்கள். டிரோபர்ட்டின் அரசியலுக்கு அடித்தளம் இதுதான்.

முதலில் அந்த மண்ணைப் பற்றி.

நவூரு பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அரை பாகை தள்ளி இருக்கிற ஒற்றைத் தீவு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்துத் தீவான பனாபாவே கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கரையை ஒட்டி ஒரு வளையம்போல மெல்லிய செழிப்பான நிலம், அதில் தென்னையும் தாழையும். உள்ளே புவாடா என்ற சிறு ஏரி. அதில் பால்கெண்டை வளர்த்துச் சாப்பிட்ட மக்கள். தென்னங்கள்ளு இறக்குவதும் அவர்கள் பழக்கம். மொத்தம் 12 குலங்கள். குலம் தாய்வழியில் வரும். கொடியில் இருக்கும் வெள்ளை நட்சத்திரத்துக்கு 12 முனைகள் வைத்தது அதனால்தான்.

கரை வளையத்துக்கு உள்ளே எழும்பி நிற்கிற மேட்டுநிலம் தீவின் ஐந்தில் நான்கு பங்கு. அதை அங்கே ‘டாப்சைட்’ என்கிறார்கள். அந்த மேட்டில்தான் பாஸ்பேட் இருந்தது. நம் ஊர் விவசாயிகளுக்குச் சூப்பர் பாஸ்பேட் மூட்டை தெரியும். அந்த உரத்துக்கு மூலப்பொருள் இந்தப் பாறைதான். நவூருவில் கிடைத்தது உலகிலேயே தரம் உயர்ந்த வகை.

அதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ எடுத்து வந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்கு அதன் மேல் சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்த்தார். உயர்தரப் பாஸ்பேட். அது 1900-ஆம் ஆண்டுவாக்கில் நடந்தது. நவூரு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது, 1888-இலேயே இணைத்துக்கொண்டிருந்தார்கள். சில ஆண்டுகளில் சுரங்கம் தொடங்கிவிட்டது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி.

முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியா தீவைப் பிடித்தது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ‘பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள்’ என்ற அமைப்பை உருவாக்கிப் பாஸ்பேட்டைப் பங்கு போட்டுக்கொண்டன: 42 சதவீதம், 42 சதவீதம், 16 சதவீதம். காகிதத்தில் நவூரு உலக நாடுகள் சங்கத்தின் பொறுப்பில் இருந்த பிரதேசம். அந்த மக்களின் நலனைக் காப்பது புனிதக் கடமை என்று எழுதியிருந்தது. நடைமுறையில் தோண்டுபவர், வாங்குபவர், விலை வைப்பவர், ஆள்பவர் எல்லாம் அந்த மூவர்தான். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்கு உரம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, உலகச் சந்தை விலையைவிடக் குறைவான விலைக்கு நவூருவின் பாறை போய்க்கொண்டிருந்தது. அதாவது ஒரு சின்னஞ்சிறு ஏழைச் சமூகம் இரண்டு பெரிய நாடுகளின் வேளாண்மைக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. இதை வேறு எப்படிச் சொன்னாலும் உண்மை மாறாது.

ஆயிரத்து ஐந்நூறு

டிரோபர்ட் 1922 செப்டம்பர் 25 அன்று பிறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் தீவில் ஐந்தில் ஒருவரையோ ஆறில் ஒருவரையோ கொண்டுபோயிருந்தது. எண்ணிக்கை 1,500-க்குக் கீழே போனால் இந்த இனம் நிலைக்காது என்ற அச்சம் பரவியிருந்தது. அதனால் 1,500-ஆவது குழந்தை பிறக்கும் நாளைத் தேசியப் பெருநாளாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். 1932 அக்டோபர் 26 அன்று அந்தக் குழந்தை பிறந்தது. அந்த நாளுக்கு ‘அங்காம்’ நாள் என்று பெயர். வீடு திரும்புதல், இலக்கை எட்டுதல் என்ற பொருள்களைத் தாங்கிய சொல் அது. டிரோபர்ட்டுக்கு அப்போது பத்து வயது. ஒவ்வொரு பிறப்பையும் ஊரே எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்த பையன் அவர்.

பின்னர் ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் நகருக்குப் போய்ப் படித்தார். திரும்பி வந்து ஆசிரியரானார்.

1942 ஆகஸ்ட் மாதம் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். விமான ஓடுதளம் போடச் சொல்லி மக்களை அடித்து வேலை வாங்கினார்கள். தீவில் தட்டையான நிலம் கரையோரத்தில் மட்டும்தான் உண்டு. அங்கேதான் ஓடுதளமும் போட்டார்கள். (இன்றைக்கும் நவூருவின் விமான நிலையம் அதே இடம்தான்.) தொழுநோயாளிகள் 39 பேரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். 1943-இல் நவூரு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினரை, வடமேற்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ட்ரக் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அன்றைய தலைவர்களில் முதன்மையானவரான திமத்தி டெட்டுடாமோ உடன் போனார். டிரோபர்ட்டும் போனார்.

திரும்பி வந்தபோது மக்கள்தொகை மறுபடியும் 1,500-க்குக் கீழே விழுந்திருந்தது. 1949-இல்தான் மீண்டும் அந்த எண்ணைத் தொட்டார்கள். இரண்டாவது அங்காம். ஒரே தலைமுறை ஓர் இனத்தின் அழிவின் விளிம்பை இரண்டு முறை பார்த்திருக்கிறது. டிரோபர்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் பணத்தையும் விமானங்களையும் பேசிவிட்டு இந்த எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தோண்டித் தீர்த்த பின் எங்கே போவது?

போருக்குப் பின் நவூரு ஐக்கிய நாடுகள் சபையின் அறங்காவல் பிரதேசமானது. நிர்வாகம் ஆஸ்திரேலியாவிடம். 1951-இல் உள்ளாட்சி மன்றம் ஒன்று அமைந்தது. அதிகாரம் மிகக் குறைவு. டெட்டுடாமோ 1953-இல் மறைந்தார். 1955-இல் மன்றத்துக்குத் தேர்வான டிரோபர்ட், 1956-இல் குலத்தலைவர்களுக்கெல்லாம் மேலான தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 33 வயதில் ஒரு மக்கள் கூட்டத்தின் சார்பில் மூன்று அரசுகளோடு பேரம் பேச வேண்டியவரானார்.

அந்தக் காலத்தில் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி ஒன்றுதான். இந்த வேகத்தில் தோண்டினால் நூற்றாண்டு முடிவதற்குள் பாஸ்பேட் தீர்ந்துவிடும். தோண்டிய இடத்தில் மிஞ்சுவது மண் அல்ல. சுண்ணாம்புப் பவளப்பாறைத் தூண்கள், சில இடங்களில் 15 மீட்டர் உயரம்வரை, பற்களைப்போல நிமிர்ந்து நிற்கும். நடக்க முடியாது, விதைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. வெள்ளைப் பாறையின் மேல் வெயில் ஏறித் தகிக்கும். பிறகு இந்த மக்கள் எங்கே வாழ்வார்கள்?

ஆஸ்திரேலியா சொன்ன விடை: அனைவரும் இடம்பெயருங்கள். பல இடங்களை ஆராய்ந்து, கடைசியில் 1963-இல் குவீன்ஸ்லாந்து கரையை ஒட்டிய கர்ட்டிஸ் தீவைக் காட்டினார்கள். வீடு, வேலை, ஆஸ்திரேலியக் குடியுரிமை எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதை ஆஸ்திரேலியா தடுத்துவைத்திருந்த காலம் அது. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் பெரிய சலுகை என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

டிரோபர்ட் கேட்டது வேறு. போகிற இடத்தில் நவூரு மக்கள் ஒரு தனி மக்களாக, தங்களைத் தாங்களே ஆளும் உரிமையோடு இருக்க வேண்டும். பாதுகாப்பு போன்றவற்றை ஓர் ஒப்பந்தத்தின் மூலம் ஆஸ்திரேலியாவிடம் விட்டுவிடலாம். ஆஸ்திரேலியா அதற்கு இசையவில்லை. கிடைக்கக்கூடியது ஒரு நகராட்சி அளவுக்கான அதிகாரம்தான். சுமார் 3,000 பேர் பல லட்சம் பேருக்குள் கலந்தால், இரண்டு தலைமுறையில் நவூரு என்ற பெயரே இருக்காது. 1964-இல் நவூரு தலைவர்கள் அந்தத் திட்டத்தை மறுத்துவிட்டார்கள்.

அந்த மறுப்பின் எடையை உணர பனாபாவைப் பார்க்க வேண்டும். அங்கேயும் பாஸ்பேட், அங்கேயும் அதே கமிஷனர்கள். பனாபா மக்களையும் ஜப்பானியர் வெவ்வேறு தீவுகளுக்குச் சிதறடித்திருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களைச் சொந்தத் தீவுக்கு அழைத்துவராமல், 1945 டிசம்பரில் சுமார் ஆயிரம் பேரை ஃபிஜியைச் சேர்ந்த ராம்பி தீவில் இறக்கிவிட்டார்கள். பனாபாவில் தோண்டும் வேலை 1979 வரை தடையில்லாமல் நடந்தது. பனாபா மக்கள் லண்டன் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். தீவில் இன்று சில நூறு பேர்தான். நவூருவுக்கும் அதுவே நடந்திருக்கும். நடக்காமல் போனதற்கு 1964-இல் சொன்ன ‘முடியாது’ ஒரு முக்கியமான காரணம். டிரோபர்ட்டின் வாழ்வில் ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

விலைப் பேச்சு

போகமாட்டோம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வருகிறது: இருந்து எதை வைத்து வாழ்வது? இங்கேதான் டிரோபர்ட்டின் திறமை தெரிகிறது. 1960-களின் நடுவில் நடந்த பேச்சுவார்த்தைகளுக்கு அவர் வெறும் கையோடு போகவில்லை. ஆஸ்திரேலியப் பொருளாதார நிபுணர்களையே ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார். மற்ற நாடுகளில் பாஸ்பேட் என்ன விலைக்குப் போகிறது, ஏற்றுக் கூலி எவ்வளவு, நவூருவுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு மேசையில் வைத்தார். அதுவரை பேச்சு ‘எவ்வளவு பங்குத்தொகை தருவீர்கள்’ என்பதாக இருந்தது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். பாஸ்பேட் எங்களுடையது, நாங்கள் உங்களுக்கு என்ன விலைக்கு விற்போம் என்பதுதான் பேச்சு.

ஐ.நா.வும் துணை நின்றது. 1968 ஜனவரி 31-க்குள் சுதந்திரம் என்ற கோரிக்கையைப் பொதுச்சபை 1965-இல் ஆதரித்தது. 1966-இல் சட்டமன்றம் வந்தது. 1967 நவம்பரில் கான்பெராவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கமிஷனர்களின் சுரங்கச் சொத்துகளை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு நவூரு வாங்கிக்கொள்ளும்; பாஸ்பேட் டன்னுக்கு 11 டாலர். மூன்றாண்டுத் தவணைக் காலம் முடிந்து 1970 ஜூலையில் சுரங்கம் முழுவதும் நவூரு பாஸ்பேட் கழகத்தின் கைக்கு வந்தது. தங்கள் நிலத்தைத் தோண்டிய இயந்திரங்களைத் தங்கள் பாஸ்பேட் வருமானத்திலிருந்தே விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் வாங்கினார்கள்.

புதிய நாட்டுக்கு அரசியலமைப்பு எழுத ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஜே.டபிள்யூ. டேவிட்சன் ஆலோசனை சொன்னார். அன்று 18 உறுப்பினர் நாடாளுமன்றம். அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டின் தலைவரும் அரசின் தலைவரும் அவரே. நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால் இறங்க வேண்டியதுதான். கட்சிகள் கிடையாது என்றே சொல்லலாம். உறவும் நட்பும்தான் அணி. 18 பேரில் இரண்டு பேர் மனம் மாறினால் ஆட்சி மாறும். இந்த அமைப்பைப் பின்னால் பேசுவோம். ‘போ’ தொகுதியின் பிரதிநிதியான டிரோபர்ட் 1968 மே மாதம் முதல் குடியரசுத் தலைவரானார்.

பணம் வந்தது

1970-களின் நடுவில் உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை பல மடங்கு ஏறியது. நவூருவின் தலா வருமானம் உலகிலேயே மிக உயர்ந்த சிலவற்றுள் ஒன்றானது. வருமான வரி இல்லை. மருத்துவம் இலவசம், கல்வி இலவசம். மேற்படிப்புக்கு வெளிநாடு போனாலும் அரசே செலவை ஏற்றது. பாஸ்பேட் தீர்ந்த பிறகான காலத்துக்கென்று அறக்கட்டளை நிதி சேர்த்தார்கள். சுரங்க வேலைக்குக் கிரிபாட்டி, துவாலு, சீனத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அந்தப் பணத்தை டிரோபர்ட் எதில் போட்டார்? முதலாவது, விமானம். 1970-இல் ஒரு சிறு ஜெட் விமானத்தோடு தொடங்கிய ஏர் நவூரு, பிறகு ஐந்துக்கும் மேற்பட்ட போயிங் விமானங்களோடு மெல்போர்ன், ஹாங்காங், ஜப்பான், தென் பசிபிக் தீவுகள் என்று பறந்தது. பெரும்பாலும் காலி இருக்கைகள். நஷ்டம் ஆண்டுதோறும். இதைக் கிறுக்குத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தாராவா, மஜுரோ போன்ற தீவுகளுக்கு வேறு விமானங்கள் அரிதாகவே பறந்த காலத்தில் ஏர் நவூரு பறந்தது. அன்று துறைமுகமே இல்லாத, நீண்ட எஃகுக் கைகள் கடலுக்குள் நீட்டிக் கப்பலில் பாறை கொட்டும் ஒரு தீவுக்கு, சொந்த விமானம் என்பது வெளியுலகத்தோடு உள்ள ஒரே நம்பகமான கயிறு. ஆனால் அந்தக் கயிறு ஒன்றோ இரண்டோ போதும். ஐந்தாறு தேவையில்லை. கணக்கு அங்கேதான் பிசகியது.

இரண்டாவது, கட்டடங்கள். மெல்போர்னின் காலின்ஸ் தெருவில் 52 மாடி ‘நவூரு ஹவுஸ்’ 1977-இல் எழுந்தது. ஹவாய், குவாம், ஃபிஜி, பிலிப்பைன்ஸ் என்று சொத்துகள் சேர்ந்தன. இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு: ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் இயங்கும் பாரதீப் பாஸ்பேட்ஸ் உர நிறுவனம், 1981-இல் இந்திய அரசும் நவூரு குடியரசும் கூட்டாகத் தொடங்கியதுதான். பாறையை மட்டும் விற்காமல் உரத் தொழிலில் பங்குதாரராவது நல்ல யோசனை. 1993-இல் நவூரு அதிலிருந்து விலகிக்கொண்டது.

பசிபிக் அரசியலில் அவருக்கு மரியாதை இருந்தது. 1971-இல் வெலிங்டனில் தென் பசிபிக் மன்றம் தொடங்கியபோது, ஃபிஜியின் ராத்து மாராவோடும் குக் தீவுகளின் ஆல்பர்ட் ஹென்றியோடும் மேசையில் அமர்ந்து அதை நிறுவிய தலைவர்களில் டிரோபர்ட் ஒருவர். சூரை மீன் வளத்தைக் கூட்டாகக் காக்கத் தீவு நாடுகள் 1982-இல் செய்த ஒப்பந்தத்துக்கு நவூருவின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அந்த நாடுகளுக்கு வருமானத்தின் முக்கிய வழி அதுதான். அதே ஆண்டு எலிசபெத் அரசி நவூருவுக்கு வந்தார். டிரோபர்ட்டுக்கு ‘சர்’ பட்டமும் அந்த ஆண்டிலேயே.

உள்ளே நிலைமை அத்தனை நேராக இல்லை. அமைச்சரவையின் முக்கியத் துறைகள் அவர் கையிலேயே இருந்தன. அறக்கட்டளையின் கணக்கு, விமான நிறுவனத்தின் கணக்கு இவை குறித்து வெளிப்படையான தகவல் மக்களுக்குக் கிடைப்பது அரிது. குலத்தலைவராக இருந்தபோது அது பிரச்சினையாகப் படவில்லை. தலைவர் பார்த்துக்கொள்வார் என்று மக்கள் நம்பினார்கள், அவரும் அந்த நம்பிக்கையோடு மூன்று அரசுகளை எதிர்த்து நின்றார். ஆனால் நூற்றுக்கணக்கான கோடிகளைக் கையாளும் அரசுக்குத் தணிக்கையாளர் வேண்டும், கேள்வி கேட்கும் எதிர்க்கட்சி வேண்டும், கணக்கை அச்சிடும் பத்திரிகை வேண்டும். வெளியாரிடம் ஒவ்வொரு டாலருக்கும் கணக்குக் கேட்ட தலைவர், உள்ளே அதே கேள்வியைக் கேட்பதற்கான அமைப்புகளை வளர்க்கவில்லை. இதை அவருடைய பெரிய குறையாக நான் நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்தவர்கள் கெடுத்ததற்கும் கதவு அங்கேதான் திறந்தது.

அவரை எதிர்த்த இளையவர்கள் 1976 தேர்தலுக்குப் பின் ஒன்றுசேர்ந்து பெர்னார்ட் டோவியோகோவைத் தலைவராக்கினார்கள். அப்போது டோவியோகோவுக்கு வயது முப்பதுதான். 1978 ஏப்ரலில் அவர் விலக, லாகுமோட் ஹாரிஸ் வந்தார்; சில வாரங்களில் அவரும் போய், மே மாதம் டிரோபர்ட்டே திரும்பிவிட்டார். 1986 செப்டம்பரில் கென்னன் அடேயாங் அவரைக் கவிழ்த்தார், இரண்டு வாரத்துக்கு. டிசம்பரில் மறுபடியும் அடேயாங், பத்து நாளுக்கு. மறுபடியும் டிரோபர்ட். 18 பேர் மன்றத்தில் இப்படித்தான் நடக்கும். அவருடைய ஆளுமை இருந்தவரை இந்த ஆட்டம் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. 1990-களின் பிற்பாதியிலும் அதற்குப் பிறகும் நவூருவில் ஆட்சி மாறிய வேகத்தைப் பார்த்தால் அது புரியும்.

உலக நீதிமன்றத்துக்குப் போன நிலம்

பாஸ்பேட் கைக்கு வந்த பிறகும் டிரோபர்ட் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கோரிக்கை ஒன்று உண்டு. சுதந்திரத்துக்கு முன் தோண்டப்பட்டது மேட்டுநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதைச் சீர்ப்படுத்தித் தர வேண்டியது தோண்டியவர்களின் பொறுப்பு. நாங்கள் தோண்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் தோண்டியதை நீங்கள் சரிசெய்யுங்கள். மிக எளிமையான வாதம். சுதந்திரப் பேச்சுவார்த்தையில் சொன்னார், சுதந்திர நாளன்றே சொன்னார், 1983-இல் ஆஸ்திரேலியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 1967 ஒப்பந்தத்தோடு எல்லாம் தீர்ந்தது என்பதுதான் அந்தப் பக்கத்துப் பதில்.

1986 டிசம்பரில், ஆட்சி கவிழ்ந்து எழுந்துகொண்டிருந்த அந்தக் குழப்பமான மாதத்தில், நவூரு அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் தலைவர் இலங்கையின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி. அப்போது அவர் மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். ஜெர்மன் காலத்திலிருந்து ஆவணங்களைத் தோண்டியெடுத்து, அறங்காவலர்கள் தங்கள் பொறுப்பில் இருந்தவர்களின் சொத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று பத்துத் தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையின் பலத்தில் 1989 மே 19 அன்று, நவூரு ஆஸ்திரேலியாவின் மேல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த நாடு, தன்னை ஆண்ட நாட்டை உலக நீதிமன்றத்துக்கு இழுத்தது.

மூன்று மாதத்தில், 1989 ஆகஸ்டில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் டிரோபர்ட் பதவி இழந்தார். கீனாஸ் அரோய் வந்தார். ஆண்டு முடிவதற்குள் மீண்டும் டோவியோகோ. வழக்கை யாரும் கைவிடவில்லை. அதில் அவர்களுக்குள் வேறுபாடே இல்லை.

ஆஸ்திரேலியா வழக்கை ஏற்கவே கூடாது என்று வாதாடியது. அறங்காவல் உடன்பாட்டை ஐ.நா.வே முடித்துவிட்டது, நவூரு உரிமையைக் கைவிட்டுவிட்டது, தாமதமாக வந்திருக்கிறது, பிரிட்டனும் நியூசிலாந்தும் இல்லாமல் எங்களை மட்டும் விசாரிக்க முடியாது என்றெல்லாம். 1992 ஜூன் 26 அன்று, ஒன்பதுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் அறிவித்தது. கமிஷனர்களின் வெளிநாட்டுச் சொத்தில் பங்கு கேட்ட ஒரு கோரிக்கையை மட்டும் தள்ளியது. தாமதம் என்ற வாதம் நிற்காமல் போனதற்கு, டிரோபர்ட் ஆண்டாண்டாகப் பேசியும் எழுதியும் வந்தது பெரிதும் உதவியது. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தவரின் பிடிவாதம் சட்டத்தில் சாட்சியமாக மாறியது.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று வாரம் ஆவதற்குள், 1992 ஜூலை 15 அன்று, டிரோபர்ட் மெல்போர்னில் காலமானார்.

1993 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது: 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர். 5.7 கோடி உடனே, மீதி 5 கோடி இருபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 25 லட்சமாக. பிரிட்டனும் நியூசிலாந்தும் தலைக்கு 1.2 கோடி கொடுத்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், வலிக்கிற பகுதி. நூறு கோடி டாலருக்கு மேல் இருந்த அறக்கட்டளை மோசமான முதலீடுகளிலும் ஏமாற்றுக்காரர்களின் கையிலும் கரைந்தது. லண்டனில் ஒரு மேடை இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டு இழந்தார்கள். பாஸ்பேட் குறைந்தது. கடன் கொடுத்தவர்கள் 2004-இல் மெல்போர்ன் கட்டடத்தை விற்கவைத்தார்கள். 2005 டிசம்பரில் கடைசி விமானத்தையும் கொண்டுபோனார்கள். உழைப்பும் உணவும் மாறிப்போன சமூகத்தில் சர்க்கரை நோய் உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாக நவூரு ஆனது. 2001 முதல் ஆஸ்திரேலியா தன் கரைக்கு வந்த அகதிகளை நவூருவில் அடைத்துவைத்து அதற்குப் பணம் கொடுத்தது. 2007-இல் அங்கே அனுப்பப்பட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், ஏறக்குறைய அனைவரும் தமிழர்கள். 2012-க்குப் பின் இன்னும் பலர். நவூரு என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். சொந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்படுவது என்னவென்று ட்ரக்கில் அறிந்த தீவு, மண்ணை இழந்து வந்தவர்களுக்கு முள்வேலி போட்ட இடமானது. அந்த நிலைக்கு அதைத் தள்ளிய வறுமைக்கு ஆஸ்திரேலியாவுக்கும் பொறுப்பு உண்டு, நவூருவின் தலைவர்களுக்கும் உண்டு, டிரோபர்ட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

மேட்டுநிலத்தில் பாறைத் தூண்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. சீர்ப்படுத்தியது சிறு பகுதிதான். ஆனால் தீவில் மக்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 12,000 பேர். நவூரு மொழி வீடுகளில் பேசப்படுகிறது. ஜனவரி 31-ஐயும் அக்டோபர் 26-ஐயும் ஒவ்வோர் ஆண்டும் கொண்டாடுகிறார்கள், கர்ட்டிஸ் தீவில் அல்ல, நவூருவிலேயே.